எரிமலையும் தொன்மமும்: கேட்கத் தெரிந்தவர்க்கு இரண்டும் சாட்சிகள்



நாம் குடியேறி வாழும் ஆக்லாந்து மாநகரம் ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலை வாய்களின் மேல் அமைந்துள்ளது. மாலை நடைக்காக நீங்கள் ஏறும் மவுண்ட் ஈடன், கடற்கரையில் நிற்கும்போது எதிரே தெரியும் ரங்கிட்டோட்டோ தீவு ஆகிய இரண்டும் ஒரு காலத்தில் தீயைக் கக்கியவையே. மவுண்ட் ஈடன் உச்சியிலுள்ள ஆழ்ந்த பள்ளத்திற்கு மாவோரி மக்கள் இட்ட பெயர் ‘மாத்தாஆஹோவின் கிண்ணம்’ என்பதாகும். மாத்தாஆஹோ அவர்களது மரபில் இந்நகரின் எரிமலைகளோடு பிணைத்துப் பேசப்படும் தெய்வம்.

இத்தகைய கதைகளை நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வீட்டிற்குக் கொண்டு வருகின்றனர். இது குறித்துப் பெற்றோர் என்னிடம் இரு வகையில் பேசுகின்றனர். சிலர், “சுவாமி, இவை வேற்றுத் தெய்வங்களின் கதைகள் அல்லவா? நம் பிள்ளைகள் இவற்றைக் கற்கலாமா?” என்று கவலையோடு வினவுகின்றனர். வேறு சிலர், “அறிவியல் வளர்ந்த இக்காலத்தில் இந்தக் கட்டுக்கதைகள் எதற்கு?” என்று சிரித்துக்கொள்கின்றனர். முதலாமவர் அஞ்சுகின்றனர், இரண்டாமவர் இகழ்கின்றனர். இரு சாராருமே கதையைக் கேட்பதில்லை என்பதே என் வருத்தம்.

பொலினேசிய மக்களின் எரிமலைத் தொன்மங்கள், தீயின் அருகில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் சாட்சியங்கள் ஆகும். சாட்சியத்தைக் கேட்பது வழிபாடு அன்று. அதைக் கேளாமல் விடுவதோ அறிவுக்கும், சில வேளைகளில் உயிருக்கும் இழப்பாகும். இக்கருத்தை உங்கள் முன் வைத்து, அதற்கான காரணங்களையும் கூற விழைகிறேன்.

வடக்கே ஹவாய், கிழக்கே ராப்பா நூயி, தென்மேற்கே நாம் வாழும் ஆவோட்டியாரோவா என்னும் நியூசிலாந்து ஆகிய மூன்றையும் இணைத்தால் தோன்றும் பெரும் முக்கோணமே பொலினேசியா. அதன் மக்கள் ஒரே மொழிக் குடும்பத்தினர். கடலோடும் கலையில் இணையற்றவர்கள். கதையும் கல்லும் அருகருகே வைத்து மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது ஹவாயில்தான் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஹவாய் மக்களின் மரபில் எரிமலையின் பெண் தெய்வம் பெலே. கடலை ஆளும் தன் மூத்த சகோதரி நாமக்காஓக்காஹாயியின் சினத்திற்குத் தப்பி, தொலைநிலத்திலிருந்து தோணியில் வருகிறாள் பெலே. வடமேற்குத் தீவுகளில் இறங்கித் தன் தோண்டுகோலால் குழி பறித்துத் தீக்கு ஓர் இல்லம் தேடுகிறாள். கவாய் தீவில் தோண்டுகிறாள். கடல் புகுந்து தீயை அணைக்கிறது. ஒவாஹுவிலும் மொலோக்காயிலும் மாவியிலும் அவளுக்கு அதே கதி நேர்கிறது. இறுதியில் தென்கிழக்குக் கோடியிலுள்ள ஹவாய் பெருந்தீவின் கிலவேயா எரிமலையில் கடல் எட்டாத உயரத்தில் அவள் நிலையான இல்லம் காண்கிறாள்.

இனி நிலவியலார் கூறுவதைக் கேளுங்கள். கவாய் தீவின் பாறைகளுக்கு வயது சுமார் 50 இலட்சம் ஆண்டுகள். ஒவாஹுவிற்கு 30 முதல் 40 இலட்சம். மொலோக்காயும் மாவியும் ஏறத்தாழ 10 முதல் 20 இலட்சம். பெருந்தீவிற்கோ 10 இலட்சம்கூட நிறையவில்லை. 1963ஆம் ஆண்டில் கனடிய அறிஞர் டூசோ வில்சன் இதற்கு விளக்கம் அளித்தார். பூமியின் ஆழத்தில் ஒரு வெப்பப் புள்ளி ஏறக்குறைய அசையாது நிற்கிறது. அதன் மேலே பசிபிக் புவித்தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வடமேற்கு நோக்கி நகர்கிறது. வெப்பப் புள்ளியின் மேல் நிற்கும் தீவு எரிகிறது. விலகிச் சென்ற தீவு அணைந்து, தேய்ந்து, கடலுள் அமிழத் தொடங்குகிறது. பெலே நடந்த வழியும் தீவுகள் பிறந்த வரிசையும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். “ஆகவே புவித்தட்டு இயக்கத்தைப் பொலினேசியர் முன்பே அறிந்திருந்தனர்” என்று சிலர் பெருமையோடு எழுதுவதுண்டு. அது மிகை. அவர்கள் அறிந்தது வேறு. தீவுக்குத் தீவு சென்றவர்கள் கவாயின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளையும் செம்மண்ணையும் அடர்ந்த காடுகளையும் கண்டனர். பெருந்தீவில் புல்லும் முளைக்காத கரும்பாறைப் பரப்பைக் கண்டனர். எது முதியது, எது இளையது என்பதைத் தேய்மானத்தைக் கொண்டு கணித்தனர். 1840ஆம் ஆண்டில் அங்கு வந்த அமெரிக்க நிலவியலாளர் ஜேம்ஸ் டுவைட் டேனாவும் இதே தேய்மானத்தைப் பார்த்தே, தீவுகளின் எரிமலைகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒவ்வொன்றாய் அணைந்தன என்று எழுதினார். கூர்ந்து நோக்கிய கண்களுக்கு உரிய மதிப்பைக் கொடுப்போம். அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிக்க வேண்டாம். தமிழராகிய நமக்கும் இப்பாடம் தேவை. கடல்கோள் பற்றிய நம் பழைய நினைவுகளை ஆராய்வது நன்று. அவற்றின் மேல் மூழ்கிய ஒரு கண்டத்தையே எழுப்பி, வாட்ஸ்அப்பில் பகிர்ந்து மகிழ்வது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கேளாமல் விட்டதால் நேர்ந்த இழப்பிற்கு வருகிறேன். பெலே தன் இளைய சகோதரி ஹியியாக்காவை அழைத்து, கவாய் தீவிலுள்ள தன் காதலன் லோஹியாவுவைக் கூட்டி வருமாறு அனுப்புகிறாள். “நான் வரும் வரை என் ஓஹியா மரக்காட்டையும் என் தோழி ஹோப்போயேயையும் காப்பாற்று” என்று கேட்டுக்கொண்டு ஹியியாக்கா புறப்படுகிறாள். பயணம் நீள்கிறது, பெலே ஐயமுற்றுச் சினந்து காட்டை எரித்துவிடுகிறாள். திரும்பி வந்த ஹியியாக்கா, சாம்பலான காட்டையும் மாண்டுபோன தோழியையும் காண்கிறாள். தொடர்ந்து லோஹியாவுவும் பெலேயின் தீயில் மடிகிறான். அவனது உடலை மீட்க ஹியியாக்கா கிலவேயாவின் உச்சியை வெறிகொண்டு தோண்டுகிறாள், பாறைகள் பறக்கின்றன. மேலும் ஆழமாகத் தோண்டினால் நீர் பீறிட்டுத் தீயை அணைத்துவிடும் என்று அவளை எச்சரித்துத் தடுக்கின்றனர்.

நெடுங்காலமாக அறிஞர் பலரும் இதை ஒரு காதற்கதையாக மட்டுமே வாசித்தனர். கிலவேயாவின் உச்சியிலுள்ள பெரும்பள்ளம், கியோவா என்னும் தலைவனின் வீரர் பலரைப் பலிகொண்ட 1790ஆம் ஆண்டு வெடிப்பில் உருவானதாக அவர்கள் நம்பி வந்தனர். ஹவாய் எரிமலை ஆய்வகத்தின் டொனால்டு சுவான்சன் அடுக்கடுக்கான சாம்பற்படிவுகளையும், அவற்றில் புதைந்த கரியின் வயதையும் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 15ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் இடைவிடாது வழிந்த எரிமலைக்குழம்பு, தீவின் கிழக்கே 400 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தை மூடியதை அவர் காட்டினார். அதுவே எரிந்த காடு. அதன் பின் 1500ஆம் ஆண்டை ஒட்டி மலையுச்சி சரிந்து உள்ளே விழுந்தது. அதுவே ஹியியாக்கா தோண்டிய பள்ளம். தொடர்ந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் நிலத்தடி நீரும் பாறைக்குழம்பும் சந்தித்து வெடித்த காலம் நீடித்தது. நீரைப் பற்றிய அந்த எச்சரிக்கையின் பொருள் அதுவே எனலாம். நிகழ்ச்சிகளின் வரிசை கதையில் பிசகவில்லை.

1823ஆம் ஆண்டில் அங்கு சென்ற வில்லியம் எல்லிஸ் என்ற மறைபரப்பாளரிடமும் ஹவாய் மக்கள் இதைக் கூறியிருந்தனர். முற்காலத்தில் எரிமலை பொங்கி வழிந்தது என்றும், பல அரசர்களின் ஆட்சிக்காலமாக அது சுற்றுநிலத்திற்குக் கீழே தாழ்ந்தே கிடக்கிறது என்றும் அவர்கள் சொன்னதை அவர் தம் நூலில் பதிவு செய்தார். அச்சேறிய அச்சொற்களை எவரும் வாசித்திருக்கலாம். சொன்னவர்கள் கல்வியற்ற புறவினத்தார் என்று கருதப்பட்டதால், அச்சாட்சியம் ஆய்வுக்குரியதாக எண்ணப்படவில்லை. கிலவேயா அமைதியாக வழியும் மலை மட்டுமன்று, நூற்றாண்டுக் கணக்கில் வெடிக்கவும் கூடியது என்ற உண்மை, அம்மலையருகே வாழ்வோரின் பாதுகாப்பைத் தொட்டது. 2018ஆம் ஆண்டில் அதே எரிமலை 700க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது; அதன் உச்சியும் மீண்டும் ஆழச் சரிந்தது. கதையில் கேட்டதை அப்போது உலகம் கண்ணால் கண்டது.

“சுவாமி, அப்படியானால் பெலே உண்மையா?” என்று கேட்பீர்கள். கத்தோலிக்கக் குரு என்ற முறையில் தயக்கமின்றிச் சொல்கிறேன்: தீயையும் கடலையும் படைத்தவர் ஒருவரே. 1824ஆம் ஆண்டில் ஹவாயின் உயர்குடித் தலைவி கப்பியோலானி, கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவராய்க் கிலவேயாவின் பள்ளத்தினுள் இறங்கினார். பெலேக்குப் படைக்காமல் உண்ணக் கூடாத ஓஹெலோ கனிகளை உண்டு, ஆண்டவரிடம் வேண்டி, நலமாகத் திரும்பினார். அவருடைய துணிவைப் போற்றுகிறேன். ஆயினும் அச்சத்தை விடுவது வேறு. கேட்பதை விடுவது வேறு. கப்பியோலானி விட்டது அச்சத்தை. அவருக்குப் பின் வந்தவர்களில் பலர், கிறிஸ்தவர்களும் அறிவியலாளர்களும் ஆகிய இரு சாராருமே, அச்சத்தோடு சேர்த்து நினைவையும் தூக்கி எறிந்தனர். பவுலடியார் ஏதென்சு நகரத்துப் பலிபீடங்களைக் கண்டபோது அவற்றை உடைக்கவில்லை. அவற்றில் எழுதியிருந்ததை வாசித்து, அங்கிருந்தே பேசத் தொடங்கினார். பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருஅவை புறக்கணிப்பதில்லை என்று 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் நமக்குக் கற்பித்தது.

மேலும் ஒன்றை நினைவில் கொள்வோம். பெலே பற்றிய மரபு ஹவாய் மக்கள் பலருக்கு இன்றும் உயிருள்ளது. நம் திருத்தலங்களைப் பற்றி அயலார் ஏளனமாகப் பேசினால் நமக்கு எவ்வளவு வலிக்கும்! அந்த வலியை நாம் பிறருக்குத் தரலாகாது.

நாம் வாழும் நாட்டிற்கு வருவோம். மாவோரி மரபில் தே அராவா தோணியின் குரு ங்காத்தோரோயிராங்கி. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் அரிதாகவே வரும் ஙகரம் அவர் பெயரின் முதலில் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர் தொங்காரிரோ மலையுச்சியில் ஏறியபோது தென்திசைக் குளிரில் உறைந்து சாகும் நிலைக்கு ஆளானார். தாயகமாகிய ஹவாய்க்கியிலிருந்த தம் சகோதரிகளை நோக்கித் தீ அனுப்புமாறு கூவினார். அவர்கள் அனுப்பிய தீ கடலடியில் விரைந்து வந்து, முதலில் ஃபாக்காரி தீவில் தலைகாட்டியது. பின் நிலத்தின் அடியே சென்று ரோட்டோருவாவிலும் தவுப்போவிலும் வெளிப்பட்டு, இறுதியில் தொங்காரிரோவை அடைந்து அவரைக் காத்தது. வழிநெடுக அது மேலெழுந்த இடங்களே இன்று நாம் விடுமுறைக்குச் செல்லும் வெந்நீர் ஊற்றுகளும் கொதிசேற்றுக் குளங்களும்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஃபாக்காரியிலிருந்து தென்மேற்காகத் தொங்காரிரோ வரை ஓடும் அக்கோடுதான் நிலவியலார் ‘தவுப்போ எரிமலை மண்டலம்’ என்று அழைக்கும் பகுதி. பசிபிக் புவித்தட்டு ஆஸ்திரேலியத் தட்டின் கீழே புதைந்து செல்வதால் அங்குப் பாறை உருகி மேலெழுகிறது. அக்கோட்டை வடகிழக்காக நீட்டினால் கெர்மடெக் தீவுகளின் வழியே தொங்கா வரை கடலடி எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. 2022 ஜனவரியில் வெடித்து உலகையே அதிர வைத்த ஹுங்கா தொங்கா எரிமலையும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. தீ வடகிழக்கிலிருந்து கடலடியில் வந்தது என்று கதை சொல்கிறது. தொலைவில் உள்ள வெந்நீர் ஊற்றுகளும் எரிமலைகளும் தனித்தனியானவை அல்ல, ஒரே தொடரின் கண்ணிகள் என்று கண்டுகொண்டவர்களின் அறிவு இது. தீ முதலில் தலைகாட்டியதாகக் கூறப்படும் அதே ஃபாக்காரியில், 2019 டிசம்பர் 9 அன்று நேர்ந்த வெடிப்பு சுற்றுலாவிற்குச் சென்றோரும் வழிகாட்டிகளுமாக 22 பேரின் உயிரைப் பறித்தது என்பதை நாம் மறக்கவில்லை.

மரபும் அறிவியலும் ஒன்றையொன்று மதித்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கு ருவாப்பேஹு மலையே சான்று. 1953ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், அம்மலையுச்சியின் ஏரிக் கரை உடைந்தது. சாம்பலும் பாறையும் பனிக்கட்டியும் கலந்த சேற்றுவெள்ளம் ஃபாங்காயேஹு ஆற்றில் பாய்ந்து தங்கிவாய் என்ற இடத்திலிருந்த ரயில் பாலத்தைச் சிதைத்தது. சில நிமிடங்களில் அங்கு வந்த ஆக்லாந்து விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. பயணம் செய்த 285 பேரில் 151 பேர் மாண்டனர். பெருவிழாவிற்காக இல்லம் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தங்கிவாய் என்றால் மாவோரி மொழியில் ‘அழும் நீர்’ என்று பொருள். பாலம் கட்டப்படும் முன்பே அந்த இடத்திற்கு அந்தப் பெயர் இருந்தது.

1995, 1996 ஆண்டுகளின் வெடிப்புகளுக்குப் பின் அதே ஏரியின் வாயில் சாம்பல் அணையொன்று மீண்டும் உருவாயிற்று. இயந்திரங்களைக் கொண்டு அதை வெட்டிவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. மலையைத் தங்கள் மூதாதையாகக் கருதும் ங்காத்தி ராங்கி மக்கள் அதன் தலையில் இயந்திரம் ஏறுவதை எதிர்த்தனர். நீண்ட விவாதத்திற்குப் பின் மலையை அதன் போக்கில் விட்டு, மனிதரை விழிப்பாக வைக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. கண்காணிப்புக் கருவிகளும் எச்சரிக்கை ஏற்பாடும் நிறுவப்பட்டன. 2007 மார்ச் 18 அன்று அணை உடைந்தது, எச்சரிக்கை ஒலித்தது, சாலையும் ரயில் பாதையும் மூடப்பட்டன, சேற்றுவெள்ளம் தங்கிவாயைக் கடந்து சென்றது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. மலை தன் வழியில் நடக்கும், மனிதரே விலகி நிற்க வேண்டும் என்பது அம்மக்கள் தம் மரபிலிருந்து பேசியது. எப்போது விலக வேண்டும் என்பதைக் கருவிகள் கூறின. இரண்டில் எது இல்லாதிருந்தாலும் அந்நாள் அவ்வாறு முடிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நம் விசுவாசத்திற்கும் இதில் பங்கு உண்டு. கிலவேயாவின் சாம்பற்படிவுகளை வாசிக்க உதவிய அடிப்படை விதி ஒன்று உண்டு: கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்பதே அது. இவ்விதியை 1669ஆம் ஆண்டில் எழுதி வைத்தவர் டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டேனோ. நிலவியலின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் இவர், கத்தோலிக்கத் திருஅவையில் இணைந்து, குருவாகி, ஆயராகவும் பணியாற்றினார். 1988ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக அறிவித்தார். கல்லை ஆராய்வதற்கு விசுவாசம் அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

கல்லில் அடுக்குகள் இருப்பது போலவே மக்கள் பேணும் கதைகளிலும் அடுக்குகள் உண்டு. கண்டது ஓர் அடுக்கு. அதைக் குறித்து உணர்ந்தது ஓர் அடுக்கு. அதிலிருந்து வாழ்வுக்குக் கற்றது மற்றோர் அடுக்கு. நம் திருவிவிலியத்தை இறைவார்த்தையாக நாம் ஏற்கிறோம். அதன் நிலை தனியானது. ஆயினும் அதையும் மனிதர் தம் காலத்து இலக்கிய வடிவங்களில் எழுதினர் என்றும், அவ்வடிவங்களை அறிந்தே வாசிக்க வேண்டும் என்றும் சங்கத்தின் இறை வெளிப்பாடு பற்றிய ஏடு நமக்குக் கூறுகிறது. தொடக்க நூலின் ஆறு நாள்களை நிலவியல் பாடமாக வாசித்து, அறிவியலோடு மோதிக் கலங்கும் இளைஞர்களை நான் சந்தித்திருக்கிறேன். பெலேயின் கதையைக் கட்டுக்கதை என்று ஒரே சொல்லில் தள்ளக் கற்கும் பிள்ளை, நாளை அதே சொல்லால் தொடக்க நூலையும் தள்ளும். ஒரு கதை என்ன சொல்கிறது, எவ்வாறு சொல்கிறது என்று பொறுமையோடு கேட்கக் கற்கும் பிள்ளையோ இரண்டையும் அவற்றிற்குரிய இடத்தில் வைக்கத் தெரிந்துகொள்ளும். ஆகவே இது பிறர் கதையைப் பற்றிய விவாதம் மட்டும் அன்று. நம் பிள்ளைகளின் விசுவாசத்தைப் பற்றியதும் ஆகும்.

எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுவே. பிள்ளை ஒரு மாவோரிக் கதையோடு வீடு திரும்பினால் அஞ்சாதீர்கள், நகைக்காதீர்கள். முழுவதும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். “இதைச் சொன்னவர்கள் எதைக் கண்டிருப்பார்கள்?” என்று சேர்ந்து சிந்தியுங்கள். கோடை விடுமுறையில் தொங்காரிரோவுக்குச் செல்வோர், அம்மலை ஒரு மக்களின் மூதாதை என்பதை மனத்தில் கொண்டு அடக்கத்தோடு நடந்துகொள்ளுங்கள். அங்குள்ள எச்சரிக்கைப் பலகைகளையும் அதே அடக்கத்தோடு படியுங்கள். தங்கிவாய் நினைவிடத்தின் வழியே செல்ல நேர்ந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, இறந்த அந்த 151 பேரின் இளைப்பாற்றிக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுங்கள்.

மலைகளை உருவாக்கியவரும், அவற்றின் அருகே வாழ்ந்தோருக்குக் காணும் கண்களையும் நினைவில் கொள்ளும் நெஞ்சையும் தந்தவருமாகிய இறைவன், கேட்கும் செவியை நமக்கும் அருள்வாராக.

இறை ஆசியுடனும் செபத்துடனும்,
உங்கள் பங்குப் பணியாளர்